தாயத்தை அவிழ்க்கும் முன்

மரக்காணம்! எயிற்பட்டினம் என்று சங்கப் பாட்டில் பெயர் பெற்ற பழந்துறை இதுவே என்பர் ஆய்வாளர். இன்று அங்கே நம் கண்ணை ஈர்ப்பன உப்பளங்கள். பாத்தி பாத்தியாய்த் தேங்கிய நீர்; வரப்போரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். கிழக்குக் கடற்கரைச் சாலையிலே காரில் விரைவோர், "என்ன அழகு!" என்பர். பலகை பிடித்து உப்பு வாருவோரின் கண்ணைக் கூச வைப்பதும், காலைப் புண்ணாக்குவதும் அந்த அழகுதான் என்பதை, இறங்கி நின்று பார்ப்போரே அறிவர்.

அந்த உழைப்பாளி ஒருவரிடம் மருத்துவர் கூறுகிறார்: "உங்களுக்கு இரத்தக் கொதிப்பு. உப்பைக் குறையுங்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் ஆகாது." ஊருக்கெல்லாம் உப்பு தந்தவருக்கு உப்பு விலக்கு! இன்னொருவருக்கோ, சிறுநீரகம் தளர்ந்துவிட்டது என்கிறார். இன்று வந்து நாளை மறையும் காய்ச்சலா இவை? இல்லை, உயிருள்ளவரை உடன் வரும் நோய்கள். அடக்கி வைக்க மாத்திரை உண்டு. அடியோடு நீக்க மருந்தில்லை. இப்படிப்பட்ட நோயோடு வாழ வேண்டியவருக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்? அதை அளிக்கத் தகுந்தவர் யார்?

"நான்!" என்று முதலில் ஓடி வருபவர், வினைப்பயன் பேசும் பெரியவர். "போன பிறவியில் செய்த பாவம், அப்பா! அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்கிறார். ஆறுதலா இது? நோயாளியைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றுகிற கொடுமை! குற்றம் இன்னதென்று கூறாமல், சாட்சியும் இல்லாமல், தண்டனையை மட்டும் படித்துக் காட்டும் நீதிமன்றம் எந்த நாட்டில் உண்டு? நோயின் வலி ஒன்று. 'நான் பாவி' என்ற வலி இன்னொன்று. முன்னது உடலைத் தின்கிறது. பின்னது உள்ளத்தைத் தின்கிறது.

காரணம் முற்பிறப்பில் இல்லை. முன்னே விரிந்து கிடக்கும் பாத்தியிலே தேட வேண்டும். 2017 முதல் 2020 வரை, தமிழகத்தின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரைச் சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிலையத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர், உழைப்பதற்கு ஏற்ற வரம்பைக் கடந்த வெப்பத்திலே உழைத்தனர். நூற்றுக்கு ஏழு பேரளவில் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருந்தது. நிழலில்லை, குடிக்கப் போதிய நீரில்லை, ஒதுங்க மறைவிடம் இல்லாமையால், இருக்கும் நீரையும் குடிக்கத் தயங்குகிறார்கள் தாய்மார்கள். இதைப் படித்த பிறகும் பழியைப் பிறவியின் மேல் போடுவோமா?

இதுவரை நாம் கூறியது நமக்கு எளிது. இனிக் கூறப்போவது கசக்கும்.

பகுத்தறிவு பேசும் இளைஞர் ஒருவர் அந்த உழைப்பாளியின் குடிசைக்குச் செல்வதாக வைத்துக் கொள்வோம். கையிலே தாயத்தைக் காண்கிறார். "இதுவா நோயைத் தீர்க்கும்? மடமை!" என்கிறார், வாதத்தில் வெல்கிறார், தாயத்தை அவிழ்க்கச் செய்கிறார், மாலைக் கூட்டத்திற்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிடுகிறார். குடிசையிலே எஞ்சியது என்ன? அதே நோய், அதே இருள், வெறுங்கை! பொய்யை நீக்கினார், சரி. பொய் இருந்த இடத்தில் எதை வைத்தார்? "தைரியமாக இருங்கள்" என்ற இரண்டு சொற்களையா? தனியே விட்டுவிட்டுத் தைரியம் கேட்பதும், 'அனுபவித்துத் தீர்' என்பதும் அண்ணன் தம்பிகள்தாம். இரண்டும் சுமையை நோயாளியின் தலையிலேயே விட்டு விடுகின்றன.

"தந்தை பெரியாரைப் பாருங்கள்!" என்று நாம் மேடையில் முழங்குகிறோம். உண்மை. சிறுநீர் கழியக் குழாய் பொருத்திய உடலோடு ஊர் ஊராய்ச் சென்றார். 1973 டிசம்பர் 19-இல், 94 வயதிலே, தியாகராய நகரில் பேசினார்; ஐந்தாம் நாள் மறைந்தார். அந்த நெஞ்சுரத்தை வியக்கும் நாம், அருகிருந்து அவர் உடலைப் பேணிய மணியம்மையாரின் கைகளை மறக்கலாமா? ஈடில்லா உறுதி படைத்தவருக்கே தாங்கும் கை தேவைப்பட்டது. உப்பளத்துக் கூலியாளை மட்டும், 'உறுதியை உன்னிடமே தேடிக் கொள்' என்பது எந்த அறம்?

தாங்கும் கையால் என்ன ஆகும் என்பதைச் சென்னையே உலகுக்குக் காட்டியது. காசநோய் என்றால் மருத்துவ விடுதியில் ஓய்வு வேண்டும், ஊட்டமான உணவு வேண்டும், காற்றோட்டமான அறை வேண்டும் என்று கருதிய காலம் அது. ஏழைக்கு அதன் பொருள், 'உனக்கு வழியில்லை' என்பதே. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு நிலையம், நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு விடுதியிலும், மறுபாதியினருக்கு வீட்டிலும் ஒரே மருந்தைத் தந்தது. 1959-இல் முடிவு வெளியாயிற்று: நெருக்கமான வீட்டிலே, எளிய உணவோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் நலம் பெற்றனர்! ஊழியர்கள் வீடு தேடிச் சென்றனர்; மருந்து தவறாமல் பார்த்துக் கொண்டனர். காசம் தீரும் நோய். சிறுநீரகத் தளர்ச்சி அப்படியன்று. நாம் ஒப்பிடுவது நோயை அன்று, வழியை. ஏழையின் வாயிலுக்கு அறிவு நடந்து சென்றால், நம்பிக்கை பின்னாலேயே வரும்.

2021 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நடப்பதும் அந்த வழியில்தான். இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரை வீடு வருகிறது. சிறுநீரகம் செயலிழந்தோர் வீட்டிலேயே சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டிய நீர்ப் பைகளும் தரப்படுகின்றன. திட்டம் வாயில் வரை வரும். மாத்திரையை நிறுத்திவிட எண்ணும் நாளில் உடன் உட்கார்ந்து பேச, மனிதர் வேண்டாமா?

ஆகவே, தோழர்களே, தாயத்தை அவிழ்க்க வேண்டாம் என்று கூறவில்லை நாம். அவிழ்க்கும் உரிமையைச் சம்பாதியுங்கள் என்கிறோம். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லுங்கள். மருத்துவமனை வரிசையிலே உடன் நில்லுங்கள். பாத்தியோரம் ஒரு கீற்றுப் பந்தலும், ஒரு குடம் நல்ல நீரும், பெண்களுக்கு ஒரு மறைவிடமும் கிடைக்கும்வரை கேட்டுப் போராடுங்கள். நோய் தீராது போகலாம். தனிமை தீரும், பழி தீரும். 'இது என் பாவமன்று; எனக்கு ஆளிருக்கிறது' என்று ஒருவர் உணரும் அந்த நொடிக்கே ஊக்கம் என்று பெயர்.

அந்த நாளிலே, தாயத்தை நாம் தொடவே வேண்டியிருக்காது. அதை அவர் கையே அவிழ்த்து வைக்கும்.