பட்டியலுக்கு வெளியே ஓர் ஆட்டம்

கடலூரில் மதியம் தாண்டினால் கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறத் தொடங்கும். தேவனாம்பட்டினம் பக்கம் மாலை ஆட்டம் பார்க்கப் போகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான். முறையாக அமைக்கிற கால்பந்து மைதானத்தை வடக்கு தெற்காகப் போடுவார்கள். சாய்கிற வெயில் எந்தக் கோலியின் கண்ணிலும் நேராக அடிக்கக் கூடாது என்பதற்காக. இங்கே காலியிடம் எப்படிக் கிடந்ததோ அப்படித்தான் போஸ்ட். கிழக்கு மேற்காக நட்டுவிட்டார்கள். டாஸ் வென்றவன் கிழக்குப் பக்கம் கேட்டால் காற்று முதுகில் நின்று தள்ளும். ஆனால் வெயில் முழுக்க முகத்தில். மேற்குப் பக்கம் கேட்டால் கண்ணுக்கு நிம்மதி. அடிக்கிற கோல் கிக் நடுக்கோட்டைத் தாண்டாது. வெளியூர் டீம் காற்றுக்கு ஆசைப்பட்டுக் கிழக்கை எடுக்கும். உள்ளூர்ப் பையன்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அரைமணி கழித்துப் பக்கம் மாறும்போது வெயில் தணிந்திருக்கும், காற்று தணிந்திருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

டிக்கெட் கிடையாது, இருக்கை கிடையாது. பைக்கை ஸ்டாண்டு போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர், ஒரு காலத்தில் ஸ்டாப்பர் பேக்காம், ஆட்டம் முழுக்க ரைட் விங் பையனுக்கு வகுப்பெடுத்துக்கொண்டே இருந்தார். "தம்பி, பந்த வச்சிக்கினு நிக்காத, குடுத்துட்டு ஓடு!" பையன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "நீங்க உள்ள வாங்கண்ணே, நான் வெளிய நின்னு சொல்றேன்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும்தான். ஆயிரக்கணக்கானோர் கத்துகிற அரங்கில் யார் சொன்னதும் தனியாக ஆட்டக்காரன் காதில் விழாது. இங்கே ஒவ்வொருவர் சொல்வதும் விழும், பதிலும் வரும்.

லீக் என்று ஒன்று வந்த நாளிலிருந்தே அதற்கு வெளியே என்றும் ஒன்று வந்துவிட்டது. 1888-இல் இங்கிலாந்தில் 12 சங்கங்கள் கூடி முதல் லீகைத் தொடங்கின. மற்றவர்கள் வெளியே நின்றார்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு, வாரநாள் மாலையில் விளக்கொளியில் ஆடுகிற அந்தச் சங்கங்களுக்கு இன்றும் விசுவாசமான கூட்டம் உண்டு. ஆனால் நெடுங்காலம் அவர்கள் எத்தனை வென்றாலும் தானாக மேலே ஏற முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் வாக்களித்து இடம் கொடுத்தால்தான் உண்டு. வெற்றியாளர் நேராக மேலேறலாம் என்ற விதி 1987-இல்தான் நடப்புக்கு வந்தது. ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரின் சங்கம் அப்படி முதலில் ஏறியது. நம் நாட்டுக் கதையும் பெரிதாக வேறில்லை. 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீகுக்குள், கீழ் லீகை வென்று நுழைந்த முதல் சங்கம் பஞ்சாப். அது 2023-இல்தான்.

தேவனாம்பட்டினத்து ஆட்டத்துக்கு இந்த ஏணியின் கடைசிப் படிகூட எட்டாது. பட்டியல் இல்லை, புள்ளி இல்லை. ஜெயித்தால் ஒரு சுழற்கோப்பை, ஒரு சாப்பாடு. லீகில் ஒரு கோல் என்பது அடுத்த மாதத்துக்கும் செல்லும் காசு; இங்கே அன்றைக்கே செலவாகிவிடும். சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மைதானத்தில், நிலைமை இன்னும் ஒரு படி மேல். அங்கே ஆட்டம் மட்டுமல்ல, டீமே நிற்காது. படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு ஊராகக் கலைந்துவிடும். போன வருஷத்து ஹாஸ்டல் ஃபைனலில் கோல் போட்டது யார் என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. ஆனாலும் மாலையானால் பூட்ஸ் கயிற்றை இறுக்குகிறார்கள்.

இதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மனம் ஒரு பக்கமாகச் சரியும். பலன் கேட்காத ஆட்டம், பதிவே இல்லாத மகிழ்ச்சி, இதுவல்லவா விளையாட்டு என்று தோன்றும். சம்பளம் வருகிற கைக்கு இப்படித் தோன்றுவது சுலபம். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவனின் ஆறுதல் அது.

ஏனென்றால் இதே கடலூரில் கால்பந்துக்கு வேறொரு கணக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையை வாரிக்கொண்டு போன பிறகு, மீனவக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் பலர் இங்கே பந்தை உதைத்து வளர்ந்தார்கள். ஊரில் உள்ள இந்திரா காந்தி விளையாட்டுக் கல்வி அகாடமி 2018-இல் இந்தியப் பெண்கள் லீகின் இறுதிச் சுற்றில் ஆடியது. அதே ஆண்டு கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனார்கள். அப்போது பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது என்றால் சும்மா இல்லை. கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார். இந்தக் கரையில் ஒரு வீட்டுக்குப் போய், "ஆட்டம் ஆட்டத்துக்காகவே, பாப்பாவை அனுப்புங்க" என்று சொல்லிப் பாருங்கள். அந்த அம்மா கேட்கப்போவது ஒன்றுதான்: "இதால வேலை கெடைக்குமா சார்?" நியாயமான கேள்வி. அதற்கு விளையாட்டு ஒதுக்கீடு பதில் சொல்கிறது. சிதம்பரத்தில் உடற்கல்வி படித்துவிட்டு அரசுப் பள்ளிகளில் விசில் ஊதுகிற வாத்தியார்களும் ஒரு பதில்தான்.

ஆக, மைதானத்தை அளக்கும்போது இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. "இங்கேயிருந்து யார் இந்திய அணிக்குப் போனார்கள்?" என்று கேட்கிறவர், போகாதவர்கள் அத்தனை பேர் ஆடியதையும் ஒத்திகையாக்கிவிடுகிறார். அந்த ரைட் விங் பையன் எங்கும் போகப்போவதில்லை. ஐந்தரை மணிக்கு அவன் பேக்கை ஏமாற்றி உள்ளே வெட்டிப் போனது எதற்கும் முன்னோட்டமல்ல; அது அப்போதே முழுசாக நடந்து முடிந்த காரியம். மறுபுறம், போகாதிருப்பதையே அழகு என்று புகழ்கிறவர், கதவு மூடியிருப்பதைக் கவனிக்காமல் திண்ணையின் காற்றைப் பாராட்டுகிறார். மேலே போகும் வழி திறந்திருந்தால்தான் இங்கே ஆடுவது ஒருவன் தானே எடுத்த முடிவாகும். மூடியிருந்தால் அது அவன் தலையில் கட்டப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாலை ஆட்டமாகத்தான் தெரியும். பைக்மேல் உட்கார்ந்து ரசிக்கிற நமக்கு வித்தியாசமே படாது. ஆடுகிறவனுக்குப் படும்.

வெளியூர் டீம் 1-0 பின்னால் இருந்தது. கடைசி நிமிஷங்களில் அவர்களுடைய லாங் ஷாட் ஒன்று, காற்றை எதிர்த்துப் போனதால் வேகம் குறைந்து, வலது போஸ்டை ஒட்டிப் போனது. போஸ்டுக்கு உள்ளேயா, வெளியேயா? வலை கட்டவில்லை. ரெஃப்ரி நடுக்கோட்டருகே இருந்தார். கோலி "அவுட்டு சார், அவுட்டு" என்று இரண்டு கையையும் விரித்தான். பந்து எடுக்க ஓடிய சின்னப் பையனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் உள்ளூர்ப் பையன். "உள்ளதான் போச்சு" என்றான். கோலி அவனை அடிக்கப் பாய்ந்தான். லுங்கிக்காரர் மைதானத்துக்குள் இறங்கி, போஸ்ட் பக்கத்தில் குனிந்து மண்ணில் பந்து விழுந்த தடத்தைத் தேடினார். இருபது பேர் மிதித்த மண். அதற்குள் இருட்டிவிட, யாரோ செல்போன் டார்ச்சை அடித்தார்கள். வெளியூர் கேப்டனும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குழியைக் காட்டி, "இதாண்ணே, நல்லா பாருங்க" என்றான்.