தஞ்சம் கேட்டுப் போனவர்களின் சாட்சியம்



சென்ற மாதத்தில் மாத்திரம் மூன்று தாய்மார் பங்கு மனைக்கு வந்து ஒரே வகையான உதவியை என்னிடம் கேட்டார்கள். ஒருவருடைய மகன் இலண்டன் மாநகரில் இருக்கிறான். மற்றவருடைய மருமகனும் மூன்றாமவருடைய மகளும் அதே நாட்டில் வெவ்வேறு பட்டணங்களில் இருக்கிறார்கள். மூவரும் அகதித் தஞ்சம் கேட்டு, பிரித்தானிய உள்துறை அமைச்சின் விசாரணைக்கு நாள் பார்த்திருக்கிறவர்கள்.

“சுவாமி, தம்பியை ஆமி பிடிச்சு வைச்சிருந்தது எண்டு கோவில் கடிதத்தாளில ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. இன்ரவியூவுக்குக் காட்டவேணுமாம்” என்றார் அவர்களில் ஒருவர்.

“பிடித்தது உண்மைதானா, அம்மா?” என்று கேட்டேன்.

அந்தத் தாய் சற்றுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பிடிக்கேல்லைச் சுவாமி. தேடி வந்தவங்கள். ரெண்டு தரம் வந்தவங்கள். தேடினதைச் சொன்னால் காணாதாம், பிடிச்சது எண்டு சொன்னால்தான் கேஸ் நிக்குமாம் எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன்” என்றார்.

அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று இரவிலே நித்திரையில்லாதிருக்கிற தாய் அவர். ஆனால் நடந்த உண்மையை ஒளித்துவிட்டு நடவாத ஒன்றைச் சொல்லும்படி அந்தப் பிள்ளைக்குப் புத்தி சொல்லப்பட்டிருக்கிறது. நமது பங்கிலே இப்படிப்பட்ட குடும்பங்கள் பல இருப்பதால், இந்த வாரம் இதைப்பற்றியே எழுதத் துணிந்தேன்.

திருக்குடும்பமும் அகதிக் குடும்பமே என்பதை நீங்கள் அறிவீர்கள். அர்ச். சூசையப்பர் பாலகனையும் தேவமாதாவையும் கூட்டிக்கொண்டு இராத்திரியோடு இராத்திரியாய் எஜிப்துக்கு ஓடினார். பன்னிரண்டாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் திகதி அகதிகளைக் குறித்து வெளியிட்ட நிருபத்தில், நாடிழந்த எல்லாக் குடும்பங்களுக்கும் அந்தக் குடும்பத்தையே முன்மாதிரியாகக் காட்டினார். ஆகையால் உயிருக்கு அஞ்சி ஓடுவது பாவமன்று, வெட்கமுமன்று. ஓடுகிற அவசரத்திலே இன்னொருவர் பெயரிலுள்ள கடவுச்சீட்டோடு போனவன்கூட, போய்ச் சேர்ந்த இடத்தில் தாமதியாமல் அதை மறைக்காது சொல்லிவிடட்டும். 1951ஆம் ஆண்டு ஜெனீவாவில் உண்டான அகதிகள் உடன்படிக்கையும், ஆபத்துள்ள இடத்திலிருந்து நேரே வந்து, தாமதியாமல் தன்னை அறிவித்து, தகுந்த காரணம் காட்டுகிறவனைச் சட்டவிரோதமாய் நுழைந்ததற்காகத் தண்டிக்கலாகாது என்றுதான் விதிக்கிறது.

அந்த உடன்படிக்கையை நம்மவர் பலர் பெயரளவில் மாத்திரம் அறிவார்கள். இனம், மதம், தேசியம், ஒரு குறித்த சமூகக் கூட்டத்தைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து ஆகிய ஐந்திலொன்றின் நிமித்தம் துன்புறுத்தப்படுவோம் என்று நியாயமாய் அஞ்சுகிறவனே அதன்படி அகதி. கடன் சுமையும் தொழிலின்மையும் அதில் இல்லை. மேலும், அவனை ஏற்கெனவே பிடித்திருக்கவேண்டும், அடித்திருக்கவேண்டும் என்று அதில் எங்கும் எழுதியில்லை. நியாயமான அச்சம் இருந்தால் போதும். தேடி வந்தது ‘காணாது’ என்று சொன்னவன் சட்டம் படித்துச் சொன்னவனல்ல. ஒரே கதையைப் பத்துப் பேருக்கு விற்கிறவன் அவன்.

இனி அந்த விசாரணை எப்படிப்பட்டது? பிரித்தானியாவிலே முதலில் சுருக்கமான ஒரு விசாரணை உண்டு. கைரேகையும் படமும் எடுத்து, ஆள் யார், எந்த வழியாய் வந்தான், ஏன் வந்தான் என்று கேட்பார்கள். பிறகு, பல மாதங்கள் கழித்தும், நீண்ட விசாரணை வரும். மணிக்கணக்காகக் கேள்வி கேட்பார்கள். குரலைப் பதிவு செய்வார்கள். முதல் விசாரணையிற் சொன்னதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இரண்டாவதில் கேட்பார்கள். நமது நாட்டு நிலையைக் குறித்து அவர்களே அச்சிட்டு வெளியிடும் குறிப்புகளும் அந்த உத்தியோகத்தர் கையில் இருக்கும். கடன் வாங்கிய கதையை அங்கே எத்தனை மணிநேரம் தாங்கிப் பிடிக்க முடியும்? சிறையின் வாசல் எந்தப் பக்கம், எத்தனை பேர் ஓர் அறையில், தண்ணீர் எதிலே தந்தார்கள் என்று கேட்டால், அங்கே இராதவன் என்ன சொல்லுவான்?

அர்ச். சின்னப்பரைப் பாருங்கள். ஜெருசலேமில் அவரைப் பிடித்த படைத்தலைவன், முன்னொரு காலத்திலே கலகம் செய்து வனாந்தரத்துக்குப் போன எஜிப்தியன் ஒருவன் என்று அவரைத் தவறாக எண்ணினான். நம்முடைய பிள்ளைகளிற் பலருக்கு நேர்ந்ததும் அதுவேயன்றோ? அவர் பதறவில்லை. தாம் தர்சீஸ் பட்டணத்து யூதன் என்று உள்ளதைச் சொன்னார். அவனோடு கிரேக்க மொழியிற் பேசினார், சனங்களோடு எபிரேய மொழியிற் பேசினார். சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, தாம் பிறப்பினால் உரோமைப் பிரஜை என்பதை மறைக்காமல் எடுத்துச் சொன்னார். தமஸ்கு நகரில் கூடையில் இருந்து மதில் வழியாய் இறக்கப்பட்டுத் தப்பியதையும், பெருமைக்குரிய காரியமல்லவென்று விட்டுவிடாமல், தம் நிருபத்திலே எழுதி வைத்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் மனந்திரும்பிய வரலாறு அப்போஸ்தலர் நடபடியில் மூன்று முறை வருகிறது. ஒருமுறை, கூட இருந்தவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள் என்றிருக்கிறது. மற்றொருமுறை அவர்கள் ஒளியைக் கண்டார்கள், சத்தத்தைக் கேட்கவில்லை என்றிருக்கிறது. குருமடத்திலே நான் இதைப் படித்தபோது வேதவியாக்கியானக்காரர்கள் இதற்குச் சொல்லும் சமாதானங்களை எல்லாம் மனப்பாடஞ் செய்தேன். இப்பொழுதோ எனக்கு வேறொன்று தோன்றுகிறது. உண்மையாய் நடந்ததை வெவ்வேறு சபையில் திரும்பத் திரும்பச் சொல்லுகிறவனுடைய வாயில் சின்ன வேற்றுமை வருவது இயல்பு. சொல்லுக்குச் சொல் மாறாமல் ஒப்புவிக்கிறவனையே சந்தேகிக்க வேண்டும்.

என் சொந்த ஞாபகத்தையே சோதித்துப் பார்த்தேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் செம்மணி வழியாய் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோமே, அன்று எனக்குப் பதினைந்து வயதும் நிரம்பவில்லை. ஆச்சியைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு போனதும், செம்மணியில் சங்கிலி கழன்றதும், அதை மாட்டின கறுப்பு எண்ணெய் விடியும்வரை கையில் இருந்ததும் நேற்றுப்போல் இருக்கின்றன. மழை பெய்ததா? அக்கா முழுக்க நனைந்தோம் என்கிறார். எனக்கு மழையே ஞாபகமில்லை. எத்தனை மணிநேரம் நடந்தோம்? அதுவும் தெரியாது. எங்களிருவரில் எவரும் பொய் சொல்லவில்லை.

ஆகவே உங்கள் பிள்ளைகளுக்கு எழுதுங்கள், தொலைபேசியிற் சொல்லுங்கள்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். திகதியை ஊகித்து உறுதியாய்ச் சொல்வதுதான் ஆபத்து. நம் சனங்கள் திகதியால் ஞாபகம் வைக்கிறவர்களல்லர், திருநாட்களால் வைக்கிறவர்கள். ‘மடு ஆவணித் திருவிழாவுக்குப் போய் வந்த கிழமை’ என்றால் அது ஆகஸ்டு 15ஐ ஒட்டியது. ‘அந்தோனியார் திருநாளுக்கு முன்’ என்றால் ஜூன் முதற்பாதி. விசாரணைக்குமுன் ஒரு நாட்காட்டியை வைத்துக்கொண்டு, எந்த வீட்டில் இருந்தோம், யார் கூட இருந்தார்கள், எந்தத் திருநாள் அருகில் இருந்தது என்று இடம் இடமாய் நினைத்துப் பார்க்கட்டும். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்துமசோதனை செய்யப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

மொழிபெயர்ப்பாளரைக் குறித்தும் ஒரு சொல். அமைச்சே ஒருவரை ஒழுங்கு செய்யும். அவர் நல்ல தமிழர்தான், ஆனால் நமது பேச்சு வழக்கு அவருக்குப் பழக்கமில்லாதிருக்கலாம். ‘பெடியள் வந்தவங்கள்’ என்று நம்மவன் சொன்னால், இயக்கத்தவர் என்பது நமக்கு விளங்கும். ஊர்ச் சிறுவர் சிலர் வந்தார்கள் என்று அது ஆங்கிலத்தில் ஏறிவிடக்கூடும். பெரியம்மாவின் மகனையும் நாம் ‘அண்ணன்’ என்கிறோம். முதல் விசாரணையில் ‘எனக்கு ஓர் அண்ணன்’ என்றவன் இரண்டாவதில் ‘மூத்த அண்ணனைச் சுட்டவங்கள்’ என்றால், கேட்கிறவர் இரண்டு அண்ணன்மாரா என்று எழுதி வைப்பார். உறவைப் பிரித்துச் சொல்லவேண்டும். விளங்காத கேள்வியைத் திருப்பிக் கேட்கவேண்டும். விசாரணையின் பிரதியைக் கேட்டு வாங்கி, பிழையிருந்தால் சில நாள்களுக்குள் சட்டத்தரணி மூலம் திருத்தி எழுதவேண்டும். பணமில்லாதவர்களுக்கு அந்நாட்டில் சட்ட உதவி உண்டு, ஏஜென்சிக்காரனிடம் போகத் தேவையில்லை.

சொல்லக் கூசுகிற காரியங்களும் உண்டு. தடுப்பிலே பெண்களுக்கு மாத்திரமல்ல, ஆண்களுக்கும் என்ன செய்தார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. இப்படிப்பட்ட துன்பம் பட்டவர்கள் அதைத் தங்கள் சொந்தப் பாவம்போல் மனதில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அது பாவமே அல்ல. செய்தவனே சர்வேசுரனுக்குக் கணக்குச் சொல்லவேண்டியவன். சேசுநாதரையும் உடைகளைந்துதானே கல்தூணிலே கட்டினார்கள்? பெண் உத்தியோகத்தரோ ஆண் உத்தியோகத்தரோ விசாரிக்கவேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். சொன்னது நம் நாட்டு அரசுக்கு அறிவிக்கப்படமாட்டாது என்பது அவர்கள் விதி. முதலில் மறைத்துவிட்டு மறுப்புக் கடிதம் வந்தபின் சொன்னால், இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி எழும்.

நடவாததைச் சொல்லுகிறவன் எட்டாம் கற்பனையை மீறுவதோடு தன் சகோதரனுக்கும் தீங்கு செய்கிறான். முதுகிலும் கையிலும் சூட்டுக்காயங்களோடு போன தமிழர் ஒருவருடைய வழக்கிலே, சித்திரவதைக் காயமென்று அவர் சொன்னதை நம்பாமல், வழக்கை வெல்வதற்காகத் தாமே மற்றொருவரைக் கொண்டு சுடுவித்திருக்கலாம் என்று கீழ் மன்று தீர்த்தது. 2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, வழக்கை மறுபடியும் கேட்கும்படி அனுப்பியது. தன் உடம்பை அப்படிச் சுடுவிக்கிறவர்கள் மிக அரியர் என்பதை மனதில் கொள்ளவேண்டும் என்றும் அது சொன்னது. அவ்வளவு தூரம் அவர் ஏறி இறங்க நேர்ந்தது ஏன்? நம்முடைய பேச்சை முதலிலிருந்தே சந்தேகத்தோடு கேட்கிற வழக்கம் அங்கே எப்படி வந்தது? விற்கப்பட்ட கதைகளுக்கு அதிலே பங்கில்லை என்று நாம் சொல்ல முடியுமா? கேட்கிற உத்தியோகத்தர் எல்லாரும் நியாயவான்கள் என்றும் நான் சொல்லவில்லை. உண்மை சொன்னவனும் மறுக்கப்படுவதுண்டு. அப்பொழுது மேன்முறையீடு செய்யட்டும். அர்ச். சின்னப்பரும் செசாரிடம் அபயமிட்டார்.

முதலிற் சொன்ன தாயின் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பிடித்து வைத்திருந்தது என்று நான் எழுதவில்லை. பூசைக் கருத்துப் புத்தகங்களை எடுத்துத் தேடினோம். மகனுடைய பெயரைச் சொல்லி, அவனுடைய பாதுகாப்புக்காக அவர் ஒப்புக்கொடுத்த பூசைகள் இரண்டு, ஏழு வாரம் இடைவிட்டு, திகதியோடு இருந்தன. இரண்டும், அவர்கள் வீட்டுக்கு வந்து போனதாக அவர் சொன்ன இரவுகளுக்கு அடுத்த நாட்கள். இரண்டாவதை எழுதினவன் நானே, அன்று காலையில் அவர் அழுதுகொண்டு வந்து சொன்னதும் அப்பொழுதுதான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. அவற்றை அப்படியே எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டவற்றை எந்தக் கடிதத்திலும் நான் எழுத முடியாது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். எழுதத்தக்கவற்றை வெளியிலே வந்து சொல்லுங்கள். விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர், வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு மனைக்கு வரலாம். ஞானஸ்நானப் பதிவேடு, விவாகப் பதிவேடு, பூசைக் கருத்துப் புத்தகங்கள் யாவும் மேசையில் இருக்கும். பிள்ளை ஊரை விட்டுப் போன மாதத்தையும், அருகிலிருந்த திருநாளையும் வீட்டிலேயே யோசித்துக் குறித்துக்கொண்டு வந்தால் தேடுவதற்கு இலேசாயிருக்கும்.

உங்கள் பங்குக் குரு