ஏட்டிலே உரிமை, நாட்டிலே நீதி?

ஆலங்குளம்! இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்து ஊர். பெயரைச் சொன்னதும் ஆலமரமும் குளமும் கண்முன் நிற்கும். தமிழகத்துச் சிற்றூர்களிலே ஆலமரத்தடி வழக்குரைத்த இடம்; குளம் தாகம் தணித்த இடம். ஆனால், அந்த நிழலில் சமமாய் அமரவும், அந்தத் துறையில் இறங்கவும் எல்லோர்க்கும் உரிமை இருந்ததா? 'ஊர்க்கட்டுப்பாடு' என்றனர், அதுவே சட்டம் என்றனர், சட்டமாதலின் நீதி என்றனர்! சட்டமும் நீதியும் ஒன்றுதானா?

ஒன்றல்ல என்போம். பிறப்பினாலேயே ஒரு கூட்டத்தாரைக் குற்றவாளிகள் என்றது வெள்ளையர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம். உசிலம்பட்டிப் பகுதியிலே, பெருங்காமநல்லூரிலே, அதற்குப் பணிய மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பேசிற்று. சுட்டவர் கையில் சட்டம் இருந்தது. வீழ்ந்தவர் பக்கம் நீதி இருந்தது! சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் ஒழிந்தது. ஒழிந்த நாளிலா அது அநீதி ஆயிற்று? இல்லை, பிறந்த நாளிலேயே அநீதி!

'கெட்ட சட்டம் போய் நல்ல சட்டம் வந்தால் நீதி தானே வந்துவிடும்' என்பர் சிலர். வந்ததா?

1992இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தம், ஒடுக்கப்பட்டோர்க்கு ஊராட்சித் தலைமையிலும் இடம் ஒதுக்கிற்று. 1996இல் தமிழகத்தில் தேர்தல் வந்தது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். ஆலங்குளம் அமைந்த விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் — இந்நான்கு ஊர்களிலும் அந்த நாற்காலி பத்தாண்டுகள் பயனற்றுக் கிடந்தது. மனுச் செய்ய ஆளில்லை. வென்றவரோ உடனே விலகினர். பிறப்பைக் காட்டிப் பழி சுமத்திய கொடுமையை அறிந்த உசிலம்பட்டி மண்ணிலேயே, பிறப்பைக் காட்டிப் பதவி மறுக்கப்பட்டது!

'சட்டம் கதவைத் திறந்தது. நுழையாதது அவர்கள் குற்றம்' என்று சொல்லத் துணிவோமா? மேலவளவிலே நுழைந்தவர் முருகேசன். மக்கள் தேர்ந்த ஊராட்சித் தலைவர். 1997 சூன் 30 அன்று தோழர்களோடு வெட்டி வீழ்த்தப்பட்டார். கதவு திறந்திருந்தது, வாயிலிலே அரிவாள் காத்திருந்தது!

'ஊரில் பெரும்பாலோர் விரும்பவில்லையே, பெரும்பான்மைக்குப் பணிவதன்றோ மக்களாட்சி?' என்றும் வாதிடுவர். பெரும்பான்மை, எவர் ஆள்வது என்பதை முடிவு செய்யலாம். எவர் மனிதர் என்பதை முடிவு செய்தல் ஆகாது. பலர் மனமுவந்து கொடுத்தால்தான் கிடைக்கும் என்றால் அதற்குப் பெயர் உரிமையன்று, பிச்சை!

2006 அக்டோபரில் அந்நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பொறுப்பேற்றனர். இடம் ஒதுக்கிய சட்டம் முன்பே இருந்தது. மாறியது எது? அரசின் உறுதி, ஊர் ஊராய்ச் சென்று பேசிய அதிகாரிகளின் அயரா முயற்சி, ஊராரின் உள்ளம். ஏட்டிலிருந்த உரிமை அன்றுதான் எழுந்து நடந்தது.

ஆயினும் பணி முடிந்துவிடவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஊராட்சித் தலைவியாகிய ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டதை நாடு கண்டது. பதவி சட்டப்படி வந்தது, நாற்காலி வரவில்லை!

ஆகவே சட்டத்தை இகழ்கிறோமா? இல்லை. சட்டம் இல்லாதபோது எளியவன் கெஞ்சினான். சட்டம் வந்தபின் கேட்கிறான். அது சிறிய மாற்றமன்று. ஆனால், கேட்டவன் அச்சமின்றி வீடு திரும்பும் நாளில்தான் அங்கே நீதி இருக்கிறது. சட்டம் விதை, உரிமை பயிர், நீதியே விளைச்சல். விதைத்ததைக் கூறி விளைந்தது என்று கணக்கெழுதுவோரை நம்பற்க!

ஒரு நாட்டின் நீதியை அளக்க அதன் சட்ட நூல்களை எண்ண வேண்டுவதில்லை. கடைக்கோடி ஊரிலே, கடைசித் தெருவிலே வாழும் ஒருவர், தமக்குரிய நாற்காலியில் நடுக்கமின்றி அமர முடிகிறதா? அதைப் பார்த்தால் போதும்!