யார் செலவில் தியாகம்?

1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தடைபட்டது. நகரத்தின் கரை கரைந்தது, அதைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே ஏறிச் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று மீனவர் ஊர்களின் வாசலுக்கு வந்தது. வீடு இழந்தவர்கள் கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் ஓர் ஊரின் தூண்டில் வளைவு மணலைப் பிடித்துக்கொண்டால், அதற்கு வடக்கே இருக்கும் ஊர் தன் கரையை இழக்கும். இழப்பு எங்கும் தீர்வதில்லை, கைமாறுகிறது. கடனில் மூழ்கிய நாடுகளுக்குச் சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் எழுதித்தரும் பொருளாதாரச் சீரமைப்பு பற்றிய அறக்கேள்வியும் இதுதான். பற்றாக்குறை குறைந்தது என்று அறிவிக்கிறார்களே, அது எங்கே போனது?

1991இல் இந்தியாவின் அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை. தங்கம் விமானமேறியது, ஜூலையில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது, அதே மாத பட்ஜெட்டில் உர விலை ஏறியது. சீரமைப்புக்காக மக்கள் சிறிது காலம் தியாகம் செய்ய வேண்டும் என்றார்கள் ஆட்சியாளர்கள். தியாகம் என்பது சமயத்திலிருந்து எடுத்த சொல். அப்படியானால் சமயத்தின் அளவுகோலாலேயே அதை அளந்து பார்க்கலாம். அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பொம்மையார்பாளையத்திலேயே வீரசைவ மரபைச் சேர்ந்த பொம்மபுர ஆதீனத்தின் மடம் இருக்கிறது. வீரசைவ ஞானி அல்லமப்பிரபுவின் வரலாற்றைக் கன்னட வழியில் தமிழுக்குக் கொண்டுவந்த சிவப்பிரகாசர், இந்த ஆதீனத்துச் சிவஞான பாலைய சுவாமிகளைப் போற்றிப் பாடியவர். பசவண்ணர் காலத்து வீரசைவம் இரண்டு கடமைகளைச் சேர்த்தே சொன்னது. உழைப்பே வழிபாடு என்னும் காயகம் ஒன்று, உழைத்துப் பெற்றதைச் சமூகத்தோடு பகிரும் தாசோகம் மற்றொன்று. தாசோகத்தில் கொடுப்பவர் தன் கையிலிருப்பதைக் கொடுக்கிறார். அடுத்தவர் கலத்திலிருந்து அள்ளிப் படைத்துவிட்டுத் தாசோகம் என்று சொல்ல முடியாது. சீரமைப்பு செய்ததோ பெரும்பாலும் அதைத்தான்.

சீரமைப்பு முடுக்கிய ஏற்றுமதி வேகத்தில் கடற்கரை என்ன ஆனது என்று பாருங்கள். 1991இன் ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை வெளிநாட்டுக் கூட்டுக் கப்பல்களுக்கு உரிமம் தந்தது. நாடு தழுவிய மீனவர் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகுதான் மத்திய அரசின் முராரி குழு அமைந்து, அந்த உரிமங்களை ரத்து செய்யச் சொன்னது. டாலர் ஈட்ட வந்த இறால் பண்ணைகள் வயல்களையும் குடிநீரையும் உப்பாக்கின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கரையோரப் பண்ணைகளுக்குத் தடை விதித்தது. அந்நியச் செலாவணி நாட்டின் கணக்கில் ஏறியது. குடம் தூக்கிக்கொண்டு நல்ல தண்ணீர் தேடிப் போன பெண்ணின் இரண்டு மணி நேரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

கஷ்டப்படாமல் எந்த நாடு மீண்டது என்று கேட்பார்கள். கஷ்டத்தை இங்கே யாரும் மறுக்கவில்லை. இந்தக் கரையில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து இன்றைக்குத் தொழில் இல்லை என்று சொன்னால், படகுக்காரரும் போவதில்லை, பங்குக்குப் போகிறவரும் போவதில்லை. முடிவெடுத்தவர் வீட்டிலும் அன்று வருமானம் கிடையாது. அதனால்தான் அந்த முடிவு செல்லுபடியாகிறது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தமிழ்நாடு 1991க்குப் பிறகு வளர்ந்தது, வறுமையும் குறைந்தது. உண்மை. ஆனால் 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது, தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லோருக்குமான ரேஷனைக் காப்பாற்றியது. சீரமைப்பின் பலனைப் பேசுகிறவர்கள், சீரமைப்புக்கு இங்கே கட்டப்பட்ட இந்த அணையையும் சேர்த்துப் பேச வேண்டும்.

உழைப்பைப் புனிதமாக்குவதிலும் ஆபத்து இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கி, உப்புநீரில் பாதம் வெடிக்க உப்பு வாரும் ஒரு தாய், தன் மகளும் இதையே செய்ய வேண்டும் என்று நினைக்கமாட்டாள். அவளிடம் போய் காயகம் பேசுவது வக்கிரம். காயகத்தைத் தாசோகத்திலிருந்து பிரித்தால் இப்படித்தான் முடியும், உழைப்பு ஒருவருக்கும் உபதேசம் இன்னொருவருக்கும் என்று ஆகிவிடும். மழைக்காலத்தில் பாத்திகள் மூழ்கி வேலையற்றுப் போகும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு இப்போது தரும் 5,000 ரூபாய் சிறிய தொகைதான், வந்ததும் தாமதமாகத்தான். என்றாலும் நிர்வாகத்தின் மொழியில் தாசோகத்துக்கு அருகே வருவது அதுதான்.

நெருக்கடியில் நிதானமாகப் பங்கு பிரிக்க நேரமேது என்பார்கள். இலங்கை 2023இல் சர்வதேச நாணய நிதியத்தின் கடனுதவி பெற்றபோதும் பங்கு பிரிக்கத்தான் செய்தார்கள். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளுக்கு விலக்குக் கிடைத்தது. வங்கிகள் சரிந்தால் சேமிப்பாளர்கள் அழிவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம், அது பொய்யும் அல்ல. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகள்தான் குறைந்த வட்டியைச் சுமந்தன. அந்தச் சேமலாப நிதியை நிர்வகிப்பது மத்திய வங்கி. உறுப்பினர்களான தொழிலாளர்களின் சார்பில் அந்த மாற்றத்துக்குச் சம்மதம் சொன்னதும் மத்திய வங்கிதான்.