காற்றை வெட்டுகிறவன்

சைக்கிள் பந்தயத்தைத் தனிமனித வீரம் என்று எழுதுகிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். மணலி புதுநகரில் அதை மறக்க முடியாது. பொன்னேரி சாலையில் கன்டெய்னர் லாரியை ஒட்டிப் பின்னாலேயே மிதித்துப் போகிற ஷிப்டு தொழிலாளிக்குத் தெரியும்: எதிர்க்காற்றை லாரி வாங்கிக்கொள்கிறது, மிதி இலேசாகிறது. (உயிருக்கு ஆபத்து என்பதும் தெரியும்.) ஐரோப்பியப் பந்தயங்களில் லாரியின் இடத்தில் ஒரு மனிதன். அவன் காற்றை வெட்டித் தர, பின்னால் வருகிறவனுக்கு உழைப்பில் கணிசமான பங்கு மிச்சம். இதற்கென்றே சம்பளம் வாங்குகிறவனைப் பிரெஞ்சில் வேலைக்காரன் என்றே அழைக்கிறார்கள். மழுப்பலில்லாத வார்த்தை.

ஸ்பெயினின் மிகேல் இண்டுரைன் அப்படி இருந்தவர். 1991 முதல் 1995 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து டூர் த பிரான்ஸை வென்றார். அதற்குமுன் யாரும் இதைச் செய்ததில்லை. ஆனால் என்னை நிறுத்துவது 1990. அப்போது அணித்தலைவர் பெட்ரோ டெல்காடோ. அவருக்காக உழைத்த இண்டுரைன் 10-வதாக வந்தார், டெல்காடோ நான்காவது. தனக்காக ஓட்டியிருந்தால் இவரே வென்றிருப்பார் என்று சொல்கிறவர்கள் உண்டு.

இது தியாகமா? கூலிக்குச் செய்தது தியாகமாகாது என்ற வாதத்தை நான் ஒப்பவில்லை. கூலி உழைப்புக்கு. ஜெயிக்கலாம் என்று கால்கள் சொல்லும்போது இன்னொருவனுக்காக வேகத்தைக் குறைப்பதற்கு எந்த ஒப்பந்தத்திலும் விலை எழுத முடியாது. பாங்க் குமாஸ்தாவான எனக்கு லெட்ஜரில் ஏறாத வேலை எதுவென்று கொஞ்சம் தெரியும்.

என் சங்கடம் வேறு. அவர் பின்னால் வென்றதால்தான் 1990 நமக்குத் தியாகமாகத் தெரிகிறது. வெல்லாமலே போயிருந்தால் அதே காரியத்தைத் திறமைக் குறைவு என்று தள்ளியிருப்போம். அடுத்த வருஷம் டெல்காடோ இவருக்கு உதவியாளரானார். ஆட்கள் மாறினார்கள், ஏற்பாடு மாறவில்லை. இண்டுரைனின் தம்பி புருடென்சியோவும் அதே அணியில் ஓட்டினார். தம்பி என்பதால் மட்டுமே அந்தப் பெயர் எனக்குத் தெரியும். மற்றவர்கள்?

அவர்கள் சட்டையில் இருந்த பெயர் பனேஸ்தோ, ஒரு பாங்க். 1993 டிசம்பரில் ஸ்பெயினின் மத்திய பாங்க் அதன் நிர்வாகத்தைக் கையிலெடுத்தது. அடுத்த ஜூலையில் அதே சட்டையில் இண்டுரைன் மறுபடி வென்றார்.

1996 டூர் அவருடைய சொந்த ஊரான வில்லாவா வழியாகப் பம்ப்லோனாவுக்குப் போயிற்று. அன்று அவர் எட்டு நிமிஷத்துக்குமேல் பின்தங்கி வந்து சேர்ந்தார். 1997 ஜனவரியில் ஓய்வுபெற்றார்.