ரெக்கார்ட் நோட்டை மூடு, ரெப்போவைத் திற!

உன் லேப்டாப்பில் ஆரஞ்சுக் கூம்பு ஒன்று இருக்கிறதே, விஎல்சி பிளேயர், அது எங்கே பிறந்தது தெரியுமா? கல்லூரியில். மாணவர் ப்ராஜெக்ட்டாக!

பாரிஸ் அருகே எக்கோல் சென்ட்ரல் கல்லூரி. விடுதி நெட்வொர்க் ஆமை வேகத்தில் நகர்ந்தது. பையன்களுக்கு வேகம் வேண்டும். படிக்க இல்லை, கேம்ஸ் ஆட! செலவுக்குப் பணம்? 'சாட்டிலைட் டிவியை நெட்வொர்க் வழியாகவே எல்லா அறைக்கும் கொண்டுபோகிறோம்' என்று சொல்லி ஆதரவு தேடினார்கள். அதற்காக எழுதிய மென்பொருள்தான் விஎல்சி. 1996-ல் தொடங்கிய அந்த வேலையை, கல்லூரியின் சம்மதம் வாங்கி, 2001 பிப்ரவரியில் ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். அந்தக் கூம்புகூட மாணவர்கள் எங்கிருந்தோ தூக்கிவந்து சேர்த்துவைத்த சாலைக் கூம்புதான்.

படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளும் பெர்க்லியில் இரண்டு மாணவர்களின் செமஸ்டர் ப்ராஜெக்ட். டெபியன் லினக்ஸை 1993-ல் அறிவித்தபோது இயன் மர்டாக்குக்கு வயது 20.

இப்போது உன் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வா. ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்குகிறாய். தங்க எழுத்தில் பைண்டிங். வைவா முடிந்ததும் டிபார்ட்மென்ட் அலமாரியில் தூசி. போனது அப்பா சம்பாதித்த காசு மட்டுமா? 'என்னால் முடியாது' என்று நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாய்!

'சின்ன ஊர், தமிழ் மீடியம்' என்று இழுக்காதே. ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் உன் ஊரையும் கேட்பதில்லை, கட்-ஆஃபையும் கேட்பதில்லை. கோட் ஓடுகிறதா, டெஸ்ட் பாஸ் ஆகிறதா, அவ்வளவுதான். மாணவர்களை ஓப்பன் சோர்ஸில் கோட் எழுதவைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு 2005-ல் தொடங்கியது. அதன் முதல் பத்து ஆண்டுக் கணக்கில் அதிக மாணவர்களை அனுப்பியது எது? அமெரிக்கப் பல்கலைக்கழகம் அல்ல, இலங்கையின் மொறட்டுவை!

பேராசிரியர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கிட் கட்டளைகளை மனப்பாடம் செய்யவைத்துப் பார்ட் பி-யில் கேட்காதீர்கள். மாணவன் அனுப்பிய பேட்ச்சுக்கும், அதன்மேல் நடந்த விவாதத்துக்கும் மதிப்பெண் போடுங்கள், மெர்ஜ் ஆகாவிட்டாலும். உங்களுக்கே புரியாத கோட் என்றால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து தேடுங்கள். மரியாதை குறையாது, கூடும்.

நீ இன்று ராத்திரியே ஆரம்பி. தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளை குளோன் செய். ரீட்மீ சொல்கிறபடி பில்ட் பண்ணு. எர்ரர் வரும், வரட்டும்! கடைசி வரியை மட்டும் பார்க்காமல் மேலிருந்து படி. ஏதோ ஒரு லைப்ரரியை நிறுவச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியை ரீட்மீயில் சேர்த்து புல் ரிக்வெஸ்ட் அனுப்பு. அதுதான் உன் முதல் பங்களிப்பு. ஏஐ எழுதித் தந்ததைப் புரியாமல் ஒட்டிவிடாதே, 'ஏன் இப்படி?' என்று ஒரு கேள்வி வந்தால் விழிப்பாய்.

'இதை மாற்று, அதை நீக்கு' என்று பதில் வரும். முகம் வாடாதே. முன்பின் தெரியாத ஒரு வல்லுநர் உன் கோட்-ஐ வரிவரியாகப் படித்திருக்கிறார். எந்த கோச்சிங் சென்டரில் கிடைக்கும் இது? திருத்தி அனுப்பு. மறுபடி திருத்தச் சொன்னால் மறுபடி அனுப்பு. ஒரேயடியாக மறுத்துவிட்டார்களா? ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள், அந்த ப்ராஜெக்ட்டின் பக் பட்டியலில் அடுத்ததை எடு.