மரத்தில் பழுக்காத பழம்

மாங்காயை முற்றிய பதத்தில் பறித்து வைக்கோலுக்குள் பழுக்க வைப்பது நமக்குப் பழகிய வேலை. பறிக்காமல் விட்டாலும் மா கெட்டுப் போவதில்லை. கிளையிலேயே பழுத்து, அணில் கடித்து விழுந்த பழத்துக்குத்தான் ருசி அதிகம் என்பார்கள். ஐரோப்பியப் பேரிக்காய் அப்படியில்லை. மரத்திலேயே பழுக்கட்டும் என்று விட்டால் அது உள்ளேயிருந்து பழுக்கத் தொடங்கும். தோல் பச்சையாகவும் தொட்டால் கெட்டியாகவும் இருக்கும்போதே விதையைச் சுற்றியுள்ள சதை பழுப்பேறிக் குழைந்துவிடும். மீதிச் சதையில் கல் செல்கள் மிகுந்து, மென்றால் நறநறக்கும். இந்த மரத்தால் தன் பழத்தைச் சரியாகப் பழுக்க வைத்துத் தர முடியாது. காயாக இருக்கும்போதே யாராவது வந்து பறித்தாக வேண்டும்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்துக்கு மேற்கே ஹில்ஸ்பரோவில் இருக்கிறோம். எங்கள் கொல்லையில் நிற்பது ‘விண்டர் நெலிஸ்’ என்ற பின்பருவப் பேரி. பெல்ஜியத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெலிஸ் என்பவர் விதையிலிருந்து வளர்த்தெடுத்த வகை இது. 1818இல் இங்கிலாந்துக்குப் போனது; பிறகு அட்லாண்டிக்கைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. பார்வைக்கு அழகில்லை. சிறிய உருண்டைக் காய், பச்சைத் தோல் முழுக்கப் பழுப்புச் சொரசொரப்பு. கடையில் வைத்தால் பளபளப்பான பழங்களை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் பழுத்த பிறகு இதன் இனிப்புக்கும் வாசனைக்கும் ஈடாக நான் வேறு எந்தப் பேரியையும் சொல்ல மாட்டேன்.

குளிர்பதனக் கிடங்குகள் இல்லாத காலத்தில், ஐரோப்பாவில் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் புதுப்பழம் வேண்டுமென்றால் பறித்து வைத்தால் குளிர்காலத்தில் பழுக்கும் இப்படியொரு மரம் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. பெல்ஜியத் தோட்டக்காரர்கள் அதற்காகவே உழைத்திருக்கிறார்கள். பேரி விதையை ஊன்றினால் தாய் மரத்தின் பழம் வராது. ஒவ்வொரு விதையும் ஒரு புது மரம். அது காய்க்கப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம், காய்த்த பழம் வாயில் வைக்க முடியாததாகவும் இருக்கலாம். லூவனில் வான் மோன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் ஆயிரக்கணக்கான கன்றுகளை அப்படி வளர்த்துப் பார்த்தார். நான் நட்டது ஒட்டுக்கன்று, அதனால் அந்தக் காத்திருப்பு எனக்குக் கிடையாது. இந்தக் கிளைக்குப் பின்னால் எத்தனை பேருடைய காத்திருப்பு இருக்கிறது என்பது மட்டும் ஒவ்வொரு வசந்தத்திலும் நினைவுக்கு வரும்.

மரம் வளர்ப்பதில் பெரிய கஷ்டமில்லை. எங்கள் மண் களிமண், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். ஆப்பிள் முகம் சுளிக்கும் அந்த இடத்தில் பேரி தாங்கிக்கொள்கிறது. பூக்கிற சமயத்தில் குளிரும் தூறலும் விடாது. பேரிப் பூவின் தேனில் சர்க்கரை குறைவு என்பதால் தேனீக்களுக்கும் அதன்மேல் பெரிய நாட்டமில்லை. அதனால் குளிரிலும் வெளியே வருகிற மேசன் தேனீக்களுக்கு, இங்கே பலரும் செய்வதுபோல, துளையிட்ட மரக்கட்டை ஒன்றை வேலியில் கட்டி வைத்திருக்கிறேன். மகரந்தம் பக்கத்து வீட்டு ‘பார்ட்லெட்’ பேரி மரத்திலிருந்து வருகிறது.

கஷ்டம் அக்டோபரில் வருகிறது. பறிக்க நாள் குறிக்க வேண்டும், காயோ ஒன்றும் காட்டிக்கொடுக்காது. நிறம் மாறாது, மணம் வராது, மெத்தென்று ஆகாது. சீக்கிரம் பறித்தால் தோல் சுருங்கி ரப்பராகிவிடும், பிறகு எத்தனை நாள் வைத்தாலும் இனிப்பு ஏறாது. தாமதித்தால் நடுவில் குழைந்துவிடும். ஆரிகனிலேயே உள்ள ஹூட் ரிவர் பக்கத்துப் பெரிய தோட்டங்களில் கருவியால் அழுத்திச் சதையின் கெட்டித்தன்மையை அளந்து பறிக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் கைதான் கருவி. தொங்குகிற காயை உள்ளங்கையில் ஏந்தி, காம்பு கிளையோடு சேரும் முண்டில் ஒரு விரலை வைத்து, காய் படுக்கைவாட்டில் வரும்வரை மெல்ல உயர்த்த வேண்டும். பதம் வந்திருந்தால் காம்பு அந்த மூட்டிலேயே ‘டக்’கென்று விட்டுக்கொடுக்கும். வராவிட்டால் அப்படியே விட்டுவிட வேண்டும். முறுக்கிப் பிடுங்கினால் அடுத்த ஆண்டுக்கான மொட்டும் சேர்ந்து வந்துவிடும்.

வார இறுதியில் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். மரத்தடியில் நிற்கும்போது அந்த வகுப்பை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. பதினான்கு, பதினைந்து வயதில் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். சிலர் அப்போதுதான் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தொடங்கியிருப்பார்கள். சிலருக்கு றகரமும் ரகரமும் இன்னும் குழப்பம். எவர் எந்தப் பதத்தில் இருக்கிறார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நன்றாக மதிப்பெண் வாங்கிய பெண் கல்லூரிக்குப் போனதும் ஒரு வரி தமிழ் பேசுவதில்லை. பின்வரிசையில் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருந்த பையன் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள் கூப்பிட்டான். “டீச்சர், யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருத்தங்க இருக்காங்க. பயந்துபோய் யாரோடயும் பேச மாட்டேங்கறாங்க. நான்தான் தமிழ்ல பேசிட்டிருக்கேன். மரியாதையாப் பேசறேனான்னு தெரியல, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க” என்றான். பேசிக் காட்டினான். உச்சரிப்பு முன்னைப் போலவே தடுமாற்றம். ஆனால் அந்தப் பாட்டியைச் சாப்பிட வைத்திருக்கிறான். அந்தத் தமிழ் என் வகுப்பில் பழுக்கவில்லை. நான் இல்லாத இடத்தில், அவனுக்கே தேவை வந்தபோது பழுத்தது.

பறித்ததோடும் பேரி பழுத்துவிடாது என்பதுதான் இதில் இன்னும் விசித்திரம். பின்பருவ வகைகளுக்குக் குளிர் வேண்டும். உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் இருந்தால்தான் பழத்துக்குள் எத்திலீன் உருவாக வழி பிறக்கிறது; அந்த வாயுதான் பழுப்பதைத் தொடங்கி வைக்கிறது. ஹூட் ரிவரின் ‘ஆஞ்சூ’ வகைக்கு இரண்டு மாதம் வரை வேண்டும். அந்தக் குளிர் கிடைக்காமல் சமையலறை மேடையில் வைத்தால், பல நாள் கெட்டியாகவே கிடந்து வதங்கும்.

இதைக் கேட்டவுடன், பார், துன்பம்தான் மனிதரைப் பக்குவப்படுத்துகிறது என்று சொல்லத் தோன்றும். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது. துன்பம் பக்குவப்படுத்தியவர்களைவிட அது ஒடித்துப் போட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். புது ஊரின் தனிமையில் பேச்சையே விட்டுவிட்ட தாய்மார்கள் எனக்குத் தெரியும். பேரிக்கும் எந்தக் குளிரும் சரி என்பதில்லை. உறைந்தால் சதை செத்துவிடும். கூடவே ஈரப்பதம் வேண்டும், காற்று வேண்டும், காயம் படாமல் அடுக்கியிருக்க வேண்டும். குளிர் முடிந்ததும் வீட்டின் வெதுவெதுப்பில் ஒரு வாரம் போல இருக்க வேண்டும். அத்தனையும் ஒருவர் பார்த்துப் பார்த்துச் செய்வது. அந்தக் கவனிப்பை மறந்துவிட்டுக் குளிரை மட்டும் புகழ்வது நியாயமில்லை.

எனக்கு இந்த மரத்திடம் முக்கியமாகப் படுவதும் அந்தக் கவனிப்புத்தான். பறித்த பழங்களைத் துளையிட்ட பிளாஸ்டிக் பையில் போட்டு, கராஜில் உள்ள பழைய ஃபிரிட்ஜில் வைக்கிறேன். வாராவாரம் எடுத்துப் பார்த்து, அழுகத் தொடங்கியதைக் கழிக்க வேண்டும். ஒன்றை விட்டுவைத்தால் பக்கத்தில் உள்ளதும் போகும். வெளியே எடுத்து வைத்த பழத்தைத் தினமும் காம்புக்கு அருகே, கழுத்தில், கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். அங்கே லேசாக அமுங்கினால் அன்றே சாப்பிடலாம். வயிற்றுப் பக்கம் மெத்தென்று ஆகும்வரை பொறுத்தால் நடுப்பகுதி கெட்டிருக்கும். பிள்ளைகள் விஷயத்தில், கைக்குள் வைத்திருப்பது, கையை விடுவது என்ற இரண்டு நிலைகளைத்தான் நாம் வழக்கமாகப் பேசுகிறோம். நடுவில் இப்படியொரு நீண்ட காலம் இருக்கிறது: மரத்தை விட்டு வந்தாயிற்று, பழமும் ஆகவில்லை. பிள்ளை வளர்ப்பைப் பற்றி நாம் எழுதுவதிலும் பேசுவதிலும் இந்தக் காலத்துக்கு இடமே இல்லை. பள்ளி வயதோடு நம் பொறுப்பு முடிந்ததாக எண்ணுகிறோம், இல்லையென்றால் முப்பது வயதிலும் காம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் ஒரு அம்மா வகுப்பு முடிந்ததும் காத்திருந்து பேசினார். மகனுக்கு இனி வர விருப்பமில்லையாம், நிறுத்திவிடச் சொல்லி வீட்டில் தினமும் சண்டையாம். “இன்னும் ஒரு வருஷம் அதட்டி உட்கார வெக்கட்டுமா, அக்கா?” என்று கேட்டார். அந்தப் பையன் நிறுத்தி நிறுத்தியாவது ஒரு பக்கம் வாசிப்பான். வாசித்தது புரியவும் செய்யும். நிறுத்தலாம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. வகுப்பை மட்டும்தான் நிறுத்தச் சொல்கிறேன், வீட்டில் நீங்கள் அவனிடம் தமிழில் பேசுவதை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள், அவன் இங்கிலீஷில் பதில் சொன்னாலும் பரவாயில்லை, வாரம் ஒரு முறை ஊரில் இருக்கிற தாத்தாவுக்குப் போன் போட்டு அவன் கையில் கொடுங்கள் என்றேன்.